வெட்கத்தின் விலை
எஸ்கார்ட் பெண்ணை 'புக்' செய்யப்போய்ப் பணத்தைக் கோட்டைவிட்டவர் கதை மறுபடியும் பேப்பரில், ஊர்தான் வேறு. எவ்வளவு போனது என்பதைவிட, போன வரிசைதான் எனக்கு வியப்பு. முதலில் பதிவுக் கட்டணம் 500 ரூபாய். கட்டியதும் டெபாசிட், 'திரும்ப வந்துடும் சார்' என்ற உறுதியோடு. அப்புறம் ஓட்டல் பாஸ். கடைசியில், கட்டியதையெல்லாம் திருப்பித் தர ஒரு கியூஆர் கோடு வரும்; ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடச் சொல்வார்கள். யூபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை என்பது தள்ளுவண்டிக்காரருக்குத் தெரியும்; படித்த மனிதர் போடுகிறார். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் பெரும்பாலும் எந்தப் பெண்ணின் இன்ஸ்டாகிராமிலிருந்தோ சுட்டது. தன் முகத்தைக் காட்டி விலைபேசுகிறார்கள் என்பதே அவளுக்குத் தெரியாது. (செய்திகளில் அவளைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை.) சந்தேகம் வந்து பின்வாங்கினால், காக்கிச்சட்டை படம் வைத்த இன்னொரு நம்பரிலிருந்து மிரட்டல்: வீட்டுக்குச் சொல்லட்டுமா? மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 308ஆம் பிரிவில் குற்றம். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு போன் போட்டால், போன பணத்தை வங்கியில் முடக்கவும் வாய்ப்புண்டு. மிரட்டுகிறவனுக்கும் இது தெரியும். ஆனால் மனைவி காதில் விழாமல் அந்த நம்பருக்கு எப்படிப் பேசுவது என்று இவர் மொட்டைமாடிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருக்கும்போதே பணம் நாலைந்து கணக்கு தாண்டிவிடுகிறது.