வீடா, வெளியா?

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களில் வயல்களெல்லாம் மனைகளாகின்றனவே, பச்சை அழிகிறதே என்று சில கனவான்கள் கண்ணீர் வடிக்கிறார்கள். அவ்வயல்கள் செத்தபோது இக்கண்ணீர் எங்கே போயிருந்தது என்று கேட்கிறோம். தோல் பதனிடும் கழிவுநீரால் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிற்றென்ற ஆய்வை, 1996 ஆகஸ்டு 28-ந் தேதித் தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டே எடுத்துக்காட்டிற்றே! விளையாத நிலத்தைக் குடியானவன் விற்காமல் என்ன செய்வான்?

தோல் சுமக்கும் தோழனுக்கும் பூட்ஸ் தைக்கும் பெண்ணுக்கும் வீடு வேண்டும். இதை ஒப்புக்கொள்ளாமல் மரத்தைப் பற்றிப் பேசுகிறவர் பெரும்பாலும் தோட்டமுள்ள பங்களாவிலிருந்தே பேசுகிறார்.

நிற்க, வீடு வந்தால் வெளி போய்த்தான் தீரவேண்டுமா? 2019-ம் வருஷத்துக் கட்டிட விதிப்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலாகப் பத்திலொரு பங்கு பொதுவெளியாக விடவேண்டும். ஆனால் 10,000 சதுர மீட்டர் வரை, நிலத்திற்குப் பதில் பணம் கட்டவும் வழி வைத்திருக்கிறார்கள். பணத்தின்மேல் குழந்தைகள் ஓடி விளையாட முடியுமா? தோல் ஜில்லாக்களிலாவது இவ்வழியை அடைக்கவேண்டும் என்கிறோம்.

விட்ட இடத்தையும் காக்கவேண்டுமே! வேலி போடுமுன் பிள்ளையார் வந்து உட்கார்ந்துவிடுகிறார். பிறகு உண்டியல், பிறகு மண்டபம். பூங்காவிலும் தெருவிலும் கோவிலோ, மசூதியோ, சர்ச்சோ புதிதாகக் கட்டலாகாதென்று 2009-லேயே சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டிருக்கிறது. தோழர்கள் அவ்வுத்தரவின் நகலோடு முனிசிபாலிடிக்கோ பஞ்சாயத்துக்கோ போய், தங்கள் நகரின் பத்திலொரு பங்கு எங்கே என்று கேட்கட்டும்.