ராணிப்பேட்டை மஞ்சள் தண்ணியும் நம்ம கொத்தனார் கையும்

கொஞ்சம் நீளமான இழை. கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம், கல்வராயன் மலைச் சொந்தங்கள் பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

போன வாரம் ஓ.பி.யில் ஒரு கொத்தனார் அண்ணன். வெள்ளிமலைப் பக்கம் ஒரு ஊர். வயசு ஐம்பதை நெருங்குது. இருபது வருஷமா கேரளாவுக்கும் பெங்களூருக்கும் பூச்சு வேலைக்குப் போய் வர்றவர். ரெண்டு உள்ளங்கையும் தடிச்சு, காய்ஞ்ச ஏரி மாதிரி வெடிச்சிருக்கு. விரல் இடுக்கெல்லாம் அரிப்பு. ராத்திரி தூக்கம் இல்லை.

"களிம்பு போட்டா ரெண்டு வாரம் நல்லாருக்கு டாக்டர். வேலைக்குப் போனா திரும்ப வந்துடுது."

ஊருக்கு வந்து கொஞ்ச நாள் சும்மா இருந்தா எப்படிண்ணே இருக்கும்னு கேட்டேன்.

"திருவிழாவுக்கு வந்து ஒரு மாசம் தங்கினா தானா சரியாயிடும்."

இந்த ஒரு வரியிலேயே பாதி நோய் தெரிஞ்சுபோச்சு. ரத்தம் கெட்டுப்போச்சுன்னு யாரோ சொல்லி, கத்தரிக்காய், கருவாடு எல்லாத்தையும் விட்டிருக்கார் பாவம். இது ரத்தக் கோளாறு இல்லண்ணே, சிமெண்ட்ல இருக்கற குரோமியம் ஒத்துக்காம போன கோளாறுன்னு சொன்னேன்.

"குரோமியமா? பைக்குல பளபளன்னு பூசுவாங்களே, அதுவா?"

அதேதான். ஆனா அதோட இன்னொரு முகம். அந்த முகத்தைப் பத்திதான் இந்தப் பதிவு.

குரோமியத்துக்கு நாம தெரிஞ்சுக்க வேண்டிய ரெண்டு வடிவம் இருக்கு. மூன்று இணைதிறன் கொண்டது ஒண்ணு, ஆறு இணைதிறன் கொண்டது இன்னொண்ணு. பூமிக்குள்ள குரோமைட் தாதுவா இருக்கறது பெரும்பாலும் மூணு. சாது. தண்ணியில கரையாது, பாறைக்குள்ள கோடிக்கணக்கான வருஷம் தூங்கும். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில அப்படிப்பட்ட பாறை இருக்கு. சந்திரயான்-2 சோதனைக்கு நிலா மண் மாதிரி தயாரிக்க இஸ்ரோ பாறை எடுத்துட்டுப் போன அதே ஊர். இந்தியாவோட குரோமைட் இருப்பில் மிகப் பெரும்பகுதி ஒடிசாவில், சுகிந்தா பள்ளத்தாக்கில் இருக்கு.

ஆறுதான் வில்லன். தண்ணியில சுலபமா கரையும், மஞ்சள் நிறம். உடம்புல இருக்கற செல்களுக்கு சல்பேட் தேவை. அதுக்குன்னு தனி வாசல் வெச்சிருக்கும். ஆறு இணைதிறன் குரோமியம் பார்க்க சல்பேட் மாதிரியே இருக்கறதால அந்த வாசல் வழியா உள்ளே போயிடும். உள்ளே போய் மூணா மாறும்போது மரபணுவைச் சிதைக்கும். தூசியா சுவாசிச்சா நுரையீரல் புற்றுநோய். இது சந்தேகக் கேஸ் இல்லை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் பட்டியலில் வெச்சிருக்கு. குரோமேட் ஆலைத் தொழிலாளிகளுக்கு மூக்கு நடுத்தண்டுல ஓட்டை விழும், வலிகூட பெருசா இருக்காது. தோல்ல ஆழமான புண் வரும். அதிக அளவு வயித்துக்குள்ள போனா சிறுநீரகம் பாதிக்கும்.

(இடையில ஒரு விஷயம். சுகருக்கு நல்லதுன்னு சொல்லி குரோமியம் மாத்திரை விக்கிறாங்களே, அது மூணு. விஷம் இல்லை, ஆனா அதை நம்பி உங்க சுகர் மாத்திரையை நிறுத்தாதீங்க.)

சரி, மூணு எப்படி ஆறா மாறுது?

தானா மாறுறது கொஞ்சம்தான். பெரிய அளவுல நாமதான் மாத்துறோம். குரோமைட் தாதுவை அரைச்சு, சோடா உப்பும் சுண்ணாம்பும் கலந்து, பெரிய சூளையில் 1100 டிகிரிக்கு மேல் காத்தோட்டமா வறுப்பாங்க. மூணு ஆறா மாறும். பிறகு தண்ணி விட்டு அலசினா மஞ்சள் கரைசல் வரும். அதுலேர்ந்து சோடியம் டைகுரோமேட். அதை வெச்சு, தோல் பதனிடுற குரோமியம் சல்பேட். உங்க செருப்பு, பெல்ட், பர்ஸ் எல்லாம் மிருதுவா இருக்க அதுதான் காரணம்.

அலசின பிறகு மிச்சம் நிக்கற சக்கை இருக்கே, அதுதான் பிரச்சினை. சுண்ணாம்பு சேர்க்கிற பழைய முறையில், கிடைக்கிற பொருளைவிட சக்கை பல மடங்கு. எவ்வளவு அலசினாலும் அதுக்குள்ள ஆறு கொஞ்சம் மாட்டிக்கிட்டு இருக்கும். மழை பெய்யப் பெய்ய, வருஷக்கணக்கா சொட்டுச் சொட்டா கசியும்.

இப்போ ராணிப்பேட்டைக்கு வாங்க. நம்ம ஊர்லேர்ந்து பஸ்ஸுல சில மணி நேரம்தான்.

அங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்னு ஒரு ஆலை. 1970களில் தொடங்கி சுமார் இருபது வருஷம் ஓடிச்சு. சுத்தி இருக்கற தோல் தொழிலுக்கு வேண்டிய ரசாயனம் அங்கே தயாராச்சு. 1990களின் நடுவில் மூடிட்டாங்க. சக்கையை என்ன பண்ணாங்க? ஆலை வளாகத்துலேயே குவிச்சு வெச்சுட்டுப் போயிட்டாங்க. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். ஒரு லாரிக்கு பத்து டன்னுன்னு வெச்சா பதினஞ்சாயிரம் லாரி லோடு. கொஞ்ச தூரத்துல பாலாறு. மழைக்கு அந்த மேட்டுலேர்ந்து வழியற தண்ணி மஞ்சளா ஓடும். நிலத்தடி நீர்ல அனுமதிச்ச அளவைப் பல மடங்கு தாண்டி குரோமியம். நம்ம நாட்டுக் குடிநீர் தரப்படி ஒரு லிட்டர்ல 0.05 மில்லிகிராம்தான் இருக்கலாம். உலகத்தின் மிக மோசமா மாசுபட்ட பத்து இடங்கள்னு 2006-ல ஒரு அமெரிக்க அமைப்பு பட்டியல் போட்டப்போ ராணிப்பேட்டை பேர் அதில் வந்துச்சு.

ஒண்ணை இங்கே பிரிச்சுப் பார்க்கணும். 2015 ஜனவரி 31 ராத்திரி ராணிப்பேட்டையில் டேனரி கழிவுத் தொட்டியின் சுவர் உடைஞ்சு, சேறு பாய்ஞ்சு, தூங்கிட்டு இருந்த பத்துத் தொழிலாளர்கள் செத்தாங்களே, அது வேற கழிவு. தோல் பதனிட்ட பிறகு வர்ற கசடு. பெரும்பாலானவங்க மேற்கு வங்கத்துலேர்ந்து பிழைக்க வந்தவங்க. கழிவு வேற, ஆனா ரெண்டு இடத்துலயும் 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு தேக்கி வெச்சதுதான் ஆபத்தாச்சு.

ராணிப்பேட்டையைச் சுத்தம் பண்ண முடியாதா? முடியும், ஆனா சுலபம் இல்லை. ஆறை மறுபடி மூணா மாத்தணும். அதுக்கு நம்ம ஊர்லயே மருந்து இருக்கு: அன்னபேதி. சித்த வைத்தியத்துல சோகைக்குக் கொடுக்கற அதே அன்னபேதிதான், இரும்பு சல்பேட். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கற பல சத்து மாத்திரைகள்ல இருக்கறதும் அதுதான். கரைசலா இருக்கற குரோமியத்துக்கு அது பிரமாதமா வேலை செய்யும். ஆனா சக்கைத் துகளுக்குள்ள சுண்ணாம்போட இறுகிக் கிடக்கறதை அது உடனே போய் எட்டாது. மேல பூசினா மேல சரியாகும். நாளாக நாளாக உள்ளேயிருந்து மறுபடி மஞ்சள் கசியும்.

இது ஏழை நாட்டுப் பிரச்சினைன்னும் நினைச்சுடாதீங்க. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஒயிட் குடும்பத்தோட குரோமேட் ஆலை 1960களில் மூடினது. சக்கையைச் சுத்துவட்டாரத்துல பள்ளம் நிரப்பப் பயன்படுத்திட்டாங்க. ஆலை மூடி அம்பது வருஷம் கழிச்சும் அங்கே ஒரு ஓடை பச்சை மஞ்சளா ஓடி செய்தியாச்சு. அமெரிக்காவில் நியூஜெர்சியிலும் இதே கதைதான், அங்கே வீடுகளுக்கு அடியிலேயே போட்டிருந்தாங்க.

இப்போ என் கருத்து.

நான் தொழிற்சாலைக்கு எதிரி இல்லை. வேலை இல்லாததால மலையை விட்டு இறங்கி ஊர் ஊரா போறவங்களைத் தினமும் பார்க்கறவன் நான். நம்ம மாவட்டத்துக்குத் தொழில் வரணும். உளுந்தூர்பேட்டையில் காலணி ஆலைக்கு 2023-ல ஒப்பந்தம் போட்டாங்க, 20,000 பேருக்கு வேலைன்னு சொன்னாங்க. தோல் இல்லாத காலணி. அதனால இந்தக் குரோமியம் பதனிடுற வேலை அதில் கிடையாது. சந்தோஷம். ஆனா நாளைக்கு வேற ஆலை வரும், வேற ரசாயனம் வரும். கருத்துக் கேட்புக் கூட்டத்துல நம்ம ஆட்கள் கேக்கறது 'எத்தனை பேருக்கு வேலை?' ஒண்ணுதான். கூடவே இன்னும் ரெண்டு கேளுங்க. 'கழிவு எங்கே போகும்? நீங்க மூடிட்டுப் போனா அதை அள்ளற செலவு யாருது?'

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் வருஷ அபாயக் கழிவு விதிகள்படி ஆலைக்குள்ள 90 நாளுக்கு மேல் கழிவைச் சேர்த்து வைக்கக் கூடாது. வெளியே போற ஒவ்வொரு லோடுக்கும் ஏழு பிரதி சீட்டு, ஒவ்வொண்ணும் ஒரு கலர். அனுப்பினவர், லாரிக்காரர், வாங்கினவர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்னு கைமாறும். கும்மிடிப்பூண்டியில் இதுக்குன்னே பாதுகாப்பான நிரப்புத்தளம் இருக்கு. 90 நாள்னு சட்டம். ராணிப்பேட்டையில் கிடந்தது பத்தாண்டுக் கணக்கில்.

1996 ஆகஸ்ட்ல, வேலூர் மக்கள் தொடுத்த டேனரி வழக்குல, மாசு பண்ணினவன்தான் செலவை ஏத்துக்கணும்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. அருமையான தீர்ப்பு. ஆனா மாசு பண்ணினவன் கடையைக் கட்டிட்டுப் போயிட்டா? அப்போ அரசு கொடுக்கும், அதாவது நீங்களும் நானும். அதனாலதான் சொல்றேன், பணத்தைத் தொடங்கும்போதே வாங்கி வைக்கணும். சுரங்கத்துக்கு அப்படி ஒரு ஏற்பாடு ஏற்கெனவே இருக்கு, மூடும் திட்டமும் அதுக்கான நிதி உத்தரவாதமும் முன்கூட்டியே கொடுக்கணும். அபாயக் கழிவு வர்ற ஒவ்வொரு ஆலைக்கும் அதை வையுங்க. உற்பத்தி ஏற ஏற உத்தரவாதத் தொகையும் ஏறட்டும். சுண்ணாம்பு இல்லாத புது முறைகள்ல சக்கை ரொம்பக் குறைவு. பணம் முன்னாடியே மாட்டிக்கும்னு தெரிஞ்சா கம்பெனிக்காரனே அந்த முறைக்குப் போவான். தொழில் பயந்து ஓடிடும்னு சிலர் சொல்லுவாங்க. கழிவை அள்ளக் காசில்லாத தொழில் ஓடட்டுமே.

இந்தச் சீட்டு, கையெழுத்து எல்லாம் வெறும் அலுவலகச் சமாச்சாரம்னு நினைக்கிறவங்க 2024 ஜூனை நினைச்சுப் பாருங்க. கருணாபுரத்துல அறுபதுக்கும் மேற்பட்டவங்களைக் கொன்ன மெத்தனால் மலையில காய்ச்சின சாராயம் இல்லை. தொழிற்சாலைச் சரக்கு. எங்கேயோ ஒரு கணக்குலேர்ந்து நழுவி, கைமாறி கைமாறி, ஒரு பாக்கெட்டுக்குள்ள வந்து சேர்ந்துச்சு. ஜிப்மர், சேலம், முண்டியம்பாக்கம்னு ஆம்புலன்ஸ் ஓடின அந்த நாட்களை இந்த ஊர்ல எந்த டாக்டரும் மறக்க மாட்டாங்க. ரசாயனத்துக்குக் கணக்கு விட்டுப்போனா அது யார் வீட்டுல போய் நிக்கும்னு நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சந்தேகமான தண்ணின்னா காய்ச்சிக் குடிச்சா போதும்னு நினைக்காதீங்க. கிருமிக்குத்தான் காய்ச்சறது. உலோகம் ஆவியாகாது, தண்ணி வத்த வத்த அடர்த்திதான் கூடும். கிணறோ போரோ நிறம் மாறினா குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட ஆய்வகத்துல கொடுத்துப் பாருங்க.

நம்ம கொத்தனார் அண்ணனுக்கு வர்றேன். ராணிப்பேட்டை சூளையில் நடந்ததுதான் சிமெண்ட் சூளையிலும் சின்ன அளவுல நடக்குது. சுண்ணாம்புக்கல்லிலும் களிமண்ணிலும் இருக்கற துளியூண்டு குரோமியம் அந்த நெருப்புல, காத்துல, சுண்ணாம்போட சேர்ந்து ஆறா மாறிடும். கலவை குழைக்கும்போது கரைஞ்சு தோலுக்குள்ள போகும். ஒரு தடவை உடம்பு அதை எதிரின்னு முடிவு பண்ணிட்டா அநேகமா ஆயுசுக்கும் மறக்காது. டென்மார்க் 1980களிலேயே சிமெண்ட்ல அன்னபேதி கலக்க ஆரம்பிச்சது, புதுசா இந்த அலர்ஜி வர்றவங்க நல்லாவே குறைஞ்சாங்க. ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேர்ந்து பத்து லட்சத்துல ரெண்டு பங்குக்கு மேல் கூடாதுன்னு வரம்பு வெச்சிருக்கு. மூட்டைக்கு ஆகிற கூடுதல் செலவு ரொம்பக் கொஞ்சம்தான். நம்ம கொத்தனார் கைக்கும் அந்த வரம்பு வேணும்னு கேக்கணும்.

அதுவரைக்கும்: துணிக் கையுறை வேண்டாம், கலவையை ஊறவெச்சு கையிலேயே பிடிச்சு வெச்சுக்கும். உள்ளே துணி, வெளியே ரப்பர் இருக்கறதை வாங்குங்க. கையுறைக்குள்ள சிமெண்ட் போயிட்டா கழட்டி, கழுவி, காயவெச்சுப் போடுங்க. மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி மட்டும் இல்லாம, கலவை பட்டவுடனே நல்ல தண்ணியில கழுவுங்க. ராத்திரி தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்க. கடையில தர்ற ஸ்டீராய்டு களிம்பை மாசக்கணக்கா போடாதீங்க. சித்தாள் வேலைக்குப் போற அக்காமார்களுக்கும் இதேதான், உங்களுக்கு யாரும் கையுறை வாங்கித் தர்றதே இல்லைன்னு தெரியும், மேஸ்திரிகிட்ட கேட்டு வாங்குங்க.

எழுதிக் கொடுத்துட்டு, முடிஞ்சா பூச்சு வேலையை விட்டுட்டு வேற வேலை பாருங்கண்ணேன்னு சொன்னேன். சிரிச்சார். "பொண்ணு காலேஜ் ரெண்டாவது வருஷம் டாக்டர். இன்னும் ஒரு வருஷம்." கையுறை விலை என்னன்னு கேட்டுக்கிட்டு வெளியே போனார்.