சம்மதத்தோடு நடக்கும் கடத்தல்

கடத்தல் என்ற சொல்லுக்கு ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் விளக்கம் தேவையில்லை. ரேஷன் அரிசி எல்லை தாண்டி அந்தப் பக்கம் போகும்; கர்நாடகத்து மதுப் பாக்கெட்டுகள் இந்தப் பக்கம் வரும். நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் இந்தச் செய்தி அடிக்கடி தென்படும். இத்தகைய கடத்தல்களுக்கு ஒரு பொது இலக்கணம் உண்டு. சரக்கு மறைக்கப்பட்டிருக்கும், பிடிபட்டவர் தனக்கு எதுவும் தெரியாது என்பார். நான் இங்கே பேச நினைக்கும் கடத்தலில் இந்த இலக்கணம் தலைகீழாகிறது. சரக்கு நம் வீட்டுக்குள் வருகிறது. கதவைத் திறந்துவிட்டவர் நாமே. அதற்கு நாம் அளித்த ஒப்புதலும் முறையாகப் பதிவாகியிருக்கிறது.

பிரௌசர் ஹைஜாக்கிங் என்பதைத் தமிழில் உலாவிக் கடத்தல் எனலாம். வீட்டிலிருக்கும் பழைய கணினியில் ஒருநாள் உலாவியைத் திறந்தால் வழக்கமான முகப்புப் பக்கம் இல்லை. பெயர் கேள்விப்படாத ஒரு தேடுபொறி வந்து நிற்கிறது. எதைத் தேடினாலும் முதலில் வருபவை விளம்பரங்களே. முகப்பை மாற்றி வைத்தால் மறுநாள் காலையில் பழையபடி அதுவே. கோப்புகள் அழிவதில்லை, பணம் கேட்டு மிரட்டல் வருவதில்லை. அதனாலேயே பலர் இதைக் கொசுக்கடிபோல் சகித்துக்கொள்கிறார்கள். பொறுக்க முடியாமல் பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துப் போனால், "கண்ட கண்ட சைட்டுக்கெல்லாம் போனீங்களா சார்?" என்ற கேள்வி முதலில் வரும். வீட்டுப் பிள்ளைகள்மேல் சந்தேகம் விழும்.

அந்தக் கேள்வியை எதிர்த்தே இதை எழுதுகிறேன். விளம்பர நிரல்கள் ஒழுக்கக்கேட்டின் தண்டனையாக வருவதில்லை. ஓர் எழுத்துருவையோ, பிடிஎஃப் வாசிப்பானையோ, பாட்டுக் கேட்கும் நிரலையோ இலவசமாக இறக்கி நிறுவும்போதுதான் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. படிக்க முடியாதபடி அமைத்த ஒரு தாளில் வாங்கிய கையெழுத்தின் விளைவு அது. குற்றம் கையெழுத்திட்டவருடையதன்று, அப்படி ஒரு தாளை நீட்டியவருடையது.

*

பழைய கணினியை வைத்துக்கொண்டு ஏன் மல்லுக்கட்ட வேண்டும், புதிது வாங்கிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். சிப்காட் ஆலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களின் வாடகை வீடுகளை அறிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய மேசைக் கணினி ஒரு வீட்டில் பத்தாண்டு உழைக்கும். 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் திட்டத்தில் அக்காவுக்குக் கிடைத்த மடிக்கணினியில் தம்பி கல்லூரியை முடித்திருப்பான்.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துகள் ஆளுக்கொரு குறியேற்றத்தில் கிடந்தன. டிஸ்கி, டாப், பாமினி, வானவில் என்று பட்டியல் நீளும். யூனிகோடைத் தமிழக அரசு தன் தரநிலையாக ஏற்றதே 2010-இல்தான். அதுவரை சிற்றிதழ்கள் பலவும் பேஜ்மேக்கரில், அந்தந்த அச்சகத்தின் எழுத்துருவில் உருவாயின. அந்தக் கோப்பைத் திறக்க அதே எழுத்துரு வேண்டும்; சில சமயம் அதே பழைய மென்பொருளும் வேண்டும். ஒருவர் தன் கதைகளின் கணினிப்படியை, நின்றுபோன ஓர் இதழின் பழைய இதழ்களை, இறந்துபோன தகப்பனார் தட்டச்சு செய்து வைத்த குடும்ப வரலாற்றை அந்தப் பெட்டிக்குள் வைத்திருக்கலாம். அதைத் தூக்கிப்போடு என்பவர் எதைப் போடச் சொல்கிறோம் என்று யோசிப்பதில்லை.

*

இந்தக் கடத்தலின் அளவு சாதாரணமானதல்ல. 2017 ஜூன் மாதம் செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 'ஃபயர்பால்' என்ற விளம்பர நிரலைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. பெய்ஜிங்கில் இயங்கிய ராஃபோடெக் என்ற விளம்பர நிறுவனம் இலவச மென்பொருள்களோடு சேர்த்துப் பரப்பிய நிரல் அது. உலாவியின் முகப்பையும் தேடுபொறியையும் தன் போலித் தேடுபொறிகளுக்கு மாற்றும். நாம் தேடும் சொல்லைக் கூகுளுக்கோ யாஹூவுக்கோ அனுப்பி விடையை வாங்கித் தரும். இடையில் நின்று நம்மைப் பற்றிய தகவல்களைச் சேகரிக்கும். உலகெங்கும் 25 கோடிக் கணினிகளில் அது புகுந்திருப்பதாகவும், அவற்றில் 2.53 கோடி இந்தியாவில் இருப்பதாகவும், நாடுகளின் வரிசையில் நாமே முதலிடம் என்றும் அந்த அறிக்கை சொன்னது. எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. செக் பாயிண்ட்டும் பிறகு குறைந்தது 4 கோடி என்று இறங்கி வந்தது. இறங்கிய கணக்கே இவ்வளவு என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இது பெயர் தெரியாத நிறுவனங்களின் வேலை மட்டுமல்ல. ஆரக்கிள் நிறுவனத்தின் ஜாவாவை நிறுவியவர்கள் பலர் அதோடு 'ஆஸ்க்' கருவிப்பட்டையையும் சேர்த்தே பெற்றார்கள். 2014-இல் லெனோவா விற்ற சில மடிக்கணினிகளில் 'சூப்பர்ஃபிஷ்' என்ற விளம்பர நிரல் முன்கூட்டியே இருந்தது. அது பாதுகாப்பான இணைப்புகளுக்குள்ளும் தலையிட்டது என்பது 2015 பிப்ரவரியில் அம்பலமானது. 2017-இல் அமெரிக்க வணிக ஆணையத்தோடும் 32 மாநிலங்களோடும் அந்நிறுவனம் உடன்பாட்டுக்கு வர நேர்ந்தது. அதற்கும் முன்னால், 2006-இல், 'ஸாங்கோ' என்ற விளம்பர நிரல் நிறுவனம் 30 லட்சம் டாலர் கட்டியது. உரிய ஒப்புதல் இன்றி நிரலை நிறுவியதும், அதை நீக்க முடியாதபடி செய்ததும் அதன்மீதிருந்த குற்றச்சாட்டுகள். ஒப்புதல் என்ற சொல்லைச் சுற்றியே இந்தத் தொழில் முழுவதும் நடக்கிறது.

அந்த ஒப்புதல் எப்படித் தயாராகிறது என்று பாருங்கள். நிறுவும்போது இரண்டு வழிகள் காட்டப்படும். ஒன்று 'எக்ஸ்பிரஸ்', பக்கத்தில் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்ற குறிப்போடு. மற்றது 'கஸ்டம்', வல்லுநர்களுக்கானது என்ற தோரணையோடு. கூட வரும் சரக்கின் பட்டியல் இரண்டாவது வழியில்தான் தெரியும். அங்கும் கட்டங்களில் முன்கூட்டியே டிக் போட்டிருக்கும். மறுக்கும் பொத்தான் செத்துப்போன சாம்பல் நிறத்தில் கிடக்கும். 'நெக்ஸ்ட்' பளிச்சென்று பச்சையில் இருக்கும். இத்தனையும் வழக்கறிஞர்களின் ஆங்கிலத்தில்.

ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே நேரத்தில் காதில் விழும். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், கடைத்தெருவில் கன்னடம் என்று மூன்று மொழிகளில் புழங்கும் ஒருவரை மொழியறியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. பேரம் பேசுவதில் அவரை ஏமாற்றுவதும் எளிதன்று. அவரே கணினியின் முன் அமர்ந்ததும் வாயடைத்துப் போகிறார். நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போகிறார். பேரம் பேச இடமில்லாத கடையில் கெட்டிக்காரருக்கும் வேலையில்லை.

*

இனி நீக்குவதைப் பற்றி. இதற்கு நம்மிடம் நல்ல மரபு உண்டு. மெரைன் பெல்லகோம் என்ற டச்சு மாணவர் எழுதிய 'ஹைஜாக்திஸ்' இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் பல கணினிகளை மீட்டது. பாட்ரிக் கொல்லாவின் 'ஸ்பைபாட்' அதே காலத்தது. பின்னால் வந்த 'ஆட்வ்கிளீனர்' 2016-இல் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. தொடர்ந்து இலவசமாகவே கிடைத்தது. ஆனாலும் கருவிகளைவிட வரிசை முக்கியம்.

முதலில் கோப்புகளை வெளி வன்தட்டுக்கு நகலெடுக்க வேண்டும். ஆவணங்களோடு எழுத்துருக் கோப்புகளையும் எடுக்க மறக்கக்கூடாது. அவை இல்லாவிட்டால் மீட்ட ஆவணம் வெறும் கிறுக்கல். நிறுவும் கோப்புகளை மட்டும் எடுக்க வேண்டாம். வினை அவற்றில் இருக்கலாம். அடுத்து இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, கண்ட்ரோல் பேனலில் நிரல்களை நிறுவிய தேதி வாரியாக அடுக்கிப் பார்க்க வேண்டும். தொல்லை தொடங்கிய நாளில் கூட்டமாக வந்தவை பளிச்சென்று தெரியும். அவற்றை நீக்கிய பிறகே உலாவிக்குள் போய் நீட்சிகள், தேடுபொறி, முகப்பு, அறிவிப்பு அனுமதிகள் ஆகியவற்றைச் சரிசெய்ய வேண்டும்.

அப்படியும் மறுநாள் திரும்பி வந்தால் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும். மேசைமேல் இருக்கும் குறுக்குவழியின் இலக்கு வரியில், உலாவியின் பெயருக்குப் பின்னால் ஒரு வலைமுகவரி ஒட்டியிருக்கலாம். 'டாஸ்க் ஷெட்யூலரில்' தினமும் நிரலை மறுபடி நிறுவும் கட்டளை இருக்கலாம். பிராக்ஸி அமைப்பு மாறியிருக்கலாம். வீட்டுக் கணினியின் குரோமில் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்ற வரி தெரிந்தால், நிரல் தன்னை உங்கள் முதலாளியாக நியமித்துக்கொண்டு ரெஜிஸ்ட்ரியில் உத்தரவு எழுதி வைத்திருக்கக்கூடும். இவற்றுக்குப் பிறகு ஆட்வ்கிளீனரை ஒருமுறை ஓட்டலாம். அதையும் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே, உங்கள் விண்டோஸுக்குப் பொருந்தும் பதிப்பா என்று பார்த்து எடுக்க வேண்டும். அதன் பெயரில் போலிகளும் உலவியதுண்டு. கடைசியாக, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றிவிட வேண்டும்.

கடைகளில் பெரும்பாலும் சொல்லும் மருந்து ஒன்றுதான்: ஃபார்மட். அது தவறான மருந்தன்று; ஆனால் கடைசி மருந்து. முதல் மருந்தாக அதைக் கொடுத்ததில் எத்தனை கையெழுத்துப் பிரதிகளும் புகைப்படங்களும் மறைந்தனவோ, கணக்கில்லை.

நீக்கிய பிறகும் ஓர் உண்மை மிஞ்சுகிறது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. 2023 பிப்ரவரியோடு குரோமும் அதைக் கைவிட்டது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கும் பொது ஆதரவு நின்றது. ஆகவே பழைய எழுத்துருக் கோப்புகளுக்காக வைத்திருக்கும் கணினியை இணையத்திலிருந்து விலக்கி வைப்பதே நல்லது. இணையத்துக்கு வேண்டுமானால் அதே கணினியில் லினக்ஸைத் தனியாக நிறுவலாம். இது நமக்குப் புதிதன்று. அரசின் மடிக்கணினிகளில் தொடக்க ஆண்டுகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்து பார்க்கச் சொல்லித்தர ஆளில்லாமல் போனதுதான் குறை.

*

இலவசம் என்றாலே தூண்டில் என்று முடிவுகட்டுவதும் தவறு. எ-கலப்பையும் என்எச்எம் ரைட்டரும் இலவசமாகத்தான் வந்தன. தமிழில் இணையத்தில் எழுதத் தொடங்கிய ஒரு தலைமுறை அவற்றைக் கொண்டே எழுதியது. கொடை ஒன்று, தூண்டில் ஒன்று. இரண்டுக்கும் ஒரே பெயர் அமைந்துவிட்டதுதான் சிக்கல். வேறுபாட்டை அறிய ஒரு சோதனை போதும். எதைத் தருகிறேன், பதிலுக்கு எதை எடுக்கிறேன் என்பதைப் பெறுபவரின் மொழியில் சொல்லத் துணிகிறாரா தருபவர்?

சட்டம் இந்தத் திசையில் சற்று நகர்ந்திருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் 13 வகை ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. கேளாத செயலியை இறக்கும்படி கட்டாயப்படுத்துவதும் வேடமிட்ட விளம்பரங்களும் அதில் அடங்கும். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கோரிக்கையை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணை மொழிகளிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. ஒப்புதல் பற்றிய பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. தரவுக்குக் கிடைத்த இந்த உரிமை மென்பொருளை நிறுவும் ஒவ்வொரு திரைக்கும் நீள வேண்டும் என்பது என் கோரிக்கை. முன்கூட்டியே டிக் போட்ட கட்டம் ஒப்புதலாகாது என்பதையும் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது சிறிது. அடுத்த முறை யாராவது கடத்தப்பட்ட கணினியோடு வந்தால், எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்று கேட்காமல் இருக்கலாம். எதை நிறுவினீர்கள், அந்தத் திரையில் என்ன எழுதியிருந்தது என்று கேட்கலாம். அவருக்கு நினைவிருக்காது. நினைவிருக்கக் கூடாது என்றுதான் அந்தத் திரையை வடிவமைத்திருக்கிறார்கள்.