கணக்கு வராதவனுக்கு வெல்டிங்கா?

"கணக்குதான் வரமாட்டேங்குது. வெல்டிங்லயாவது சேத்துவிடலாம்னு கூட்டிட்டு வந்தோம்." திருச்சியை அடுத்த துவாக்குடியில் பட்டறை நடத்தும் என்னிடம் பையனை அழைத்து வருகிற பெற்றோரில் பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். இந்த ஒரே பேச்சில் இரண்டு தப்பு இருக்கிறது. வெல்டிங்குக்குக் கணக்கு வேண்டாம் என்பது ஒன்று. அவனுக்குக் கணக்கு வராது என்பது மற்றொன்று.

பெல் கொதிகலன் ஆலையை நம்பி வளர்ந்த பட்டறைகள் எங்களுடையவை. வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இங்கே இயங்குகிறது. அப்படிப்பட்ட ஊரிலேயே இந்த எண்ணம் போகவில்லை என்றால், மற்ற ஊர்களைச் சொல்லவே வேண்டாம்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தீப்பொறிதான் தெரியும். ஆனால் ஒரு கேட்டோ தொட்டியோ செய்யும்போது ராடு பிடிக்கிற நேரம் கொஞ்சம்தான். அளப்பது, மார்க் பண்ணுவது, வெட்டுவது, மூலைமட்டம் பார்ப்பது, பிடிப்புக்கு டேக் வைப்பது என்று மீதி நேரமெல்லாம் அதற்கு முன்னாலேயே போகிறது. பற்றவைப்பு சரியில்லை என்றால் கிரைண்டர் போட்டு எடுத்துவிட்டு மறுபடி அடிக்கலாம். குறைத்து வெட்டிய தகட்டை யாரும் நீளமாக்க முடியாது.

புதிதாக வருகிற பையனிடம் நான் கேட்கிற முதல் கேள்வி இது: 6 மீட்டர் சதுரக் குழாயில் 600 மி.மீ. துண்டு எத்தனை வரும்? "பத்து, அண்ணே" என்று பட்டென்று பதில் வரும். பள்ளிக்கூடத்தில் அது சரியான விடை. பட்டறையில் ஒன்பதுதான். கட்டிங் சக்கரம் ஒவ்வொரு வெட்டிலும் சுமார் 3 மி.மீ. இரும்பைத் தூளாக்கிவிடும். ஒன்பது வெட்டுக்கு 27 மி.மீ. போனால், கடைசித் துண்டு 573-தான் இருக்கும். சாக்பீஸ் கோட்டுக்கே இரண்டு மி.மீ. தடிமன் உண்டு, அதன் எந்தப் பக்கம் சக்கரத்தை வைப்பது என்பதும் கணக்குதான். இதை விளக்கிச் சொன்னதும் பல பையன்களின் முகம் மாறும். கூட்டலும் பெருக்கலும் அவர்களுக்கு எப்போதோ தெரியும். அது இந்தக் குழாய்க்குள் இருக்கிறது என்று யாரும் காட்டியதில்லை.

அளவுகள் பண்ணுகிற குழப்பம் வேறு. வீட்டுக்காரர் கேட்டை நாலுக்கு ஏழு அடி என்பார். குழாயை ஒன்றரை இஞ்சு என்போம். தகட்டுக்கு 16 கேஜ், 18 கேஜ். இதில் நம்பர் ஏற ஏறத் தகடு மெலியும். இன்ஜினீயர் தரும் டிராயிங் முழுக்க மி.மீ. மேஸ்திரி வாயைத் திறந்தால் நூல் கணக்கு. இஞ்சுக்கு எட்டு நூல். ஒரே கேட்டில் இத்தனை பாஷை. எட்டுக்கு நாலு அடித் தகடு என்றால் 2438-க்கு 1219 மி.மீ. கடையில் 2500-க்கு 1250 தகடும் கிடைக்கும். இரண்டும் ஒன்றுதானே என்று வாங்கி வந்தால் பரப்பில் நூற்றுக்கு ஐந்து வித்தியாசம். இரும்பை எடை போட்டுத்தான் விற்கிறார்கள் என்பதால், அந்த ஐந்தும் நம் பையிலிருந்துதான் போகும்.

தொட்டி வேலைக்கு வருவோம். வெளிவிட்டம் 1000 மி.மீ., தகடு 10 மி.மீ. உருட்டுவதற்கு எவ்வளவு நீளம் வெட்ட வேண்டும்? ஆயிரத்தை 3.1416-ஆல் பெருக்கி 3142 என்று வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தகட்டை உருட்டும்போது வெளிமுகம் இழுபடும், உள்முகம் அமுங்கும், நடுக்கோடு மட்டும் அப்படியே நிற்கும். அதனால் நடுவிட்டமான 990-ஐத்தான் பெருக்க வேண்டும். விடை 3110. வெளிவிட்டத்தில் கணக்குப் போட்டவரின் தொட்டி 1010 மி.மீ. ஆகிவிடும், 1000-க்கு வாங்கி வைத்த மூடி அதில் பொருந்தாது. உள்விட்டத்தில் போட்டவருக்கு 31 மி.மீ. குறையும். அங்கே ஒட்டுத் துண்டு வைத்தால் இன்ஸ்பெக்டர் ஏற்கமாட்டார், தகடு காயலான் கடைக்குப் போகும். வட்டத்தின் சுற்றளவு ஏழாம் வகுப்புப் பாடம். தகட்டின் நடுக்கோட்டை எடுக்க வேண்டும் என்பது மட்டும் பட்டறைப் பாடம்.

பற்றவைப்பிலேயே உள்ள கணக்கை அனுபவசாலிகள்கூடக் கவனிப்பதில்லை. இரண்டு தகட்டைச் செங்குத்தாக நிறுத்தி மூலையில் அடிக்கும் பில்லெட்டை டிராயிங்கில் 6 மி.மீ. என்று கேட்டிருப்பார்கள். நம்மவர் 8 மி.மீ. போடுவார். கேட்டால், "கொஞ்சம் கூடப் போட்டா பலம்தானே" என்பார். பில்லெட்டின் வெட்டுமுகம் ஒரு முக்கோணம். 6 மி.மீ.க்கு ஆறாறு முப்பத்தாறில் பாதி, 18 சதுர மி.மீ. 8 மி.மீ.க்கு எட்டெட்டு அறுபத்துநாலில் பாதி, 32. ஒரு மீட்டர் ஓட்டத்துக்கு 141 கிராம் உலோகம் போதும் என்ற இடத்தில் 251 கிராம் இறங்குகிறது. பலம் கூடியது மூன்றில் ஒரு பங்கு; உலோகமோ முக்கால் பங்குக்கும் மேலே. ராடு, கரன்ட், கூலி எல்லாம் அதற்கேற்ப ஏறும். கூடுதல் சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ள, அதை நிமிர்த்த இன்னொரு ஆள் சம்மட்டியோடு நிற்க வேண்டும்.

இதெல்லாம் முதலாளியின் நஷ்டம், தொழிலாளிக்கு என்ன என்று கேட்கலாம். அவருக்குத்தான் பெரிய நஷ்டம். எங்கள் தொழிலில் ஒப்பந்தக் கூலி பெரும்பாலும் கிலோவுக்கு இவ்வளவு என்றுதான். 1 மி.மீ. தடிமனுள்ள ஒரு சதுர மீட்டர் தகடு 7.85 கிலோ என்று தெரிந்தால், 2500-க்கு 1250-இல் 8 மி.மீ. தகடு 196 கிலோ என்று சாக்பீஸிலேயே போட்டுவிடலாம். உருண்டைக் கம்பிக்கு விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும், 12 மி.மீ. கம்பி மீட்டருக்குச் சுமார் 890 கிராம். இது தெரியாதவர் தாம் செய்த வேலையின் எடையை அடுத்தவர் வாயிலிருந்து கேட்டுத்தான் கூலி வாங்க வேண்டும். கேட்ட எடை சரியா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"பள்ளிக்கூடமே போகாத மேஸ்திரிகள் எத்தனை கூரை டிரஸ் ஏற்றியிருக்கிறார்கள்!" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். மூன்று, நாலு, ஐந்து என்று நூல் பிடித்து மூலையைச் சதுரம் பண்ணியது அவர்கள்தான். 1200-க்கு 1600 சட்டம் என்றால் மூலைக்கு மூலை 2000 நிற்க வேண்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அந்தக் கண்ணளவும் கணக்குதான். ஆனால் அது அவர்களோடு நின்றுவிட்டது. மார்க்கிங் பண்ணும் நேரம் பார்த்துப் பையனை டீ வாங்க அனுப்புகிற வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. சைட்டில் இன்றைக்கும் டிராயிங் பார்த்து மார்க் பண்ணுகிறவர் ஒருவர், அவர் டேக் வைத்த இடத்தில் அடித்துக்கொண்டு போகிறவர்கள் பலர். அந்த ஒருவர் நாளைக்கு ஒப்பந்தக்காரர் ஆகிறார். மற்றவர்கள் கண் மங்கும் வரை ராடு பிடிக்கிறார்கள்.

எடை சொல்லப் போனிலேயே ஆப் இருக்கிறதே என்பார்கள் இளைஞர்கள். நானும் வைத்திருக்கிறேன். தகட்டின் தடிமனை 8 என்பதற்குப் பதில் விரல் தவறி 80 என்று அடித்தால், அது கூசாமல் இரண்டு டன் என்று காட்டும். ஒரு தகடு அத்தனை எடை இருக்காது என்று மனசு உடனே சொல்ல வேண்டும். அதற்கு முதலில் ஒரு குத்துமதிப்பு போடத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் என் பட்டறையில் முதலில் வாயால் ஒரு விடை, பிறகுதான் போன்.

ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் சேரலாம். நான் மேலே சொன்ன கணக்கு எல்லாமே எட்டாம் வகுப்புக்குள் அடங்குகிறவைதான். ஐ.டி.ஐ. பாடத்திட்டத்திலும் தொழிற்கூடக் கணக்கு என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆனால் அதைக் கரும்பலகையில் நடத்தி, கேள்வி கேட்டுத் தேர்வு வைக்கிறோம். பள்ளியில் எந்த மாதிரிக் கேள்வியைப் பார்த்துப் பையன் மிரண்டானோ, அதே மாதிரிக் கேள்வியை மறுபடி நீட்டுகிறோம்.

அந்த வகுப்பைப் பட்டறைத் தளத்துக்கு மாற்றுங்கள். தேர்வையும் அங்கேயே வையுங்கள். ஒரு குழாய், ஒரு தகடு, ஒரு டிராயிங் கொடுங்கள். எத்தனை துண்டு, எவ்வளவு கழிவு, என்ன எடை, எத்தனை ராடு என்று தகட்டின் மேலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு வெட்டட்டும். எழுதியதற்கும் வெட்டியதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு மார்க் போடுங்கள். விடை சரியா தப்பா என்று வாத்தியார் சொல்ல வேண்டியதில்லை, இரும்பே சொல்லிவிடும். இதற்குப் புதுக் கட்டடமோ கருவியோ தேவையில்லை. கால அட்டவணையைத் திருத்தினால் போதும்.

பட்டறை முதலாளிகள் அரசாணைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். மார்க்கிங் பண்ணும்போது டேப்பின் மறுமுனையைப் பையன் கையில் கொடுங்கள். எண்ணை அவனே படிக்கட்டும், கோட்டை அவனே போடட்டும். கணக்குக் கற்றவன் நாலு வருஷத்தில் எதிர்த்தாற்போலக் கடை போட்டுவிடுவானே என்ற பயம் எனக்கும் உண்டு. போடத்தான் செய்வான். அதுவரைக்கும் என் பட்டறையில் தகடு வீணாகாது. போன பிறகும், பெரிய வேலை வந்தால் பாதியை நம்பிப் பிரித்துக் கொடுக்க எதிரிலேயே ஒரு ஆள் இருப்பான்.