ரிமோட் யார் கையில்?

நோயாளி தேறிவரும் வீட்டில் எந்தத் திரைப்படம் ஓடலாம் என்பதற்கு எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. சிரிப்புப் படம் ஆகும். பக்திப் படம் ஆகும். மருத்துவமனையும் நோயும் சாவும் வரும் படம் ஆகாது. நலம் விசாரிக்க வரும் உறவினர்கள், பழங்களோடு இந்தச் சட்டத்தையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். எங்களுக்கு இதில் உடன்பாடு இல்லை.

எங்கள் தந்தையார் குடலில் இருந்த கட்டிக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பியதும், அனைவரும் ஒருமனதாகத் தேர்ந்த படம் ‘காதலிக்க நேரமில்லை’ (1964). தாம் எடுக்கப்போகும் திகில் படத்தின் கதையை நாகேஷ் பாலையாவிடம் சொல்லும் காட்சி வந்தது. தந்தையார் சிரித்தார், தையல் இழுத்தது, வலியில் கண்ணீர் வழிய மீண்டும் சிரித்தார். இருமும்போது வயிற்றின்மேல் தலையணையை அணைத்துப் பிடிக்குமாறு செவிலியர் கற்றுத்தந்திருந்தது சிரிப்புக்கும் உதவியது. இதமான படம் என்று நாம் கருதுவதும் இவ்வளவுதான்.

அதே ஸ்ரீதர் 1962இல் இயக்கியது ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’. ஏறத்தாழக் கதை முழுவதும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நிகழ்கிறது. புற்றுநோயுற்ற வேலுவாக முத்துராமன். அவர் மனைவி சீதாவாகத் தேவிகா. ஒருகாலத்தில் அவளைக் காதலித்தவரும் இப்போது அவள் கணவனுக்கு அறுவை செய்ய வேண்டியவருமான மருத்துவராகக் கல்யாண்குமார். தந்தையார் தாமாகக் கேட்ட படம் இதுதான். அத்தை தடுத்தார். கதையில் நோயாளி பிழைத்துக்கொள்கிறார், இறப்பவர் மருத்துவர் என்பது அத்தைக்கு மறந்துபோயிருந்தது.

தான் இல்லாமற்போனால் அவள் என்ன செய்ய வேண்டும் என்று வேலு மனைவியிடம் பேசும் இடத்தில் தந்தையார் படத்தை நிறுத்தினார். திரையரங்கில் இது இயலாது. “என் பரிசோதனை முடிவைப் பற்றி டாக்டர் உங்களிடம் என்ன சொன்னார்?” என்றார். வீடு திரும்பியபின் தம் நோயைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. கட்டி முழுவதும் அகற்றப்பட்டது, நிணநீர்க் கணு ஒன்றில் நோய் இருந்தது, கீமோதெரபி தேவைப்படும் என்று சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, எஞ்சிய படத்தையும் பார்த்து முடித்தார். அடுத்தமுறை மருத்துவரைக் காணச் சென்றபோது, கேட்க வேண்டியவற்றைத் தம் கையாலேயே ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றார். நாங்கள் நேராகத் தொடங்கத் தயங்கிய பேச்சை அறுபது ஆண்டுப் பழைய கறுப்புவெள்ளைப் படம் தொடங்கிவைத்தது.

புதிய படங்களில் பல, இரைச்சலாலேயே அவரைக் களைப்படையச் செய்கின்றன. ‘மெய்யழகன்’ (2024) அப்படியன்று. அதை மூன்று மாலைகளாகப் பிரித்துப் பார்த்தோம். இரவெல்லாம் இருவர் பேசிக்கொண்டிருக்கும் பகுதியில் தம்பி அழுதான். தந்தையார் நன்றாக உறங்கினார். மருந்து உண்பவருக்கு நல்ல உறக்கம் தரும் படத்தையும் நாங்கள் குறைத்து மதிப்பிடுவதில்லை.

உணவு, உறக்கம், ஊசி, குளியல் என எல்லாவற்றிலும் பிறர் சொற்படி நடக்கும் ஒருவருக்கு, பார்க்கும் படத்திலாவது தம் விருப்பம் வேண்டும் என்பதே எங்கள் கருத்து. உடனிருந்து பார்த்துக்கொள்பவருக்கும் விருப்பம் உண்டல்லவா என்று கேட்டால், உண்டு. இப்போது தந்தையார் கேட்டிருப்பது பாலசந்தர் முதன்முதலில் இயக்கிய ‘நீர்க்குமிழி’ (1965). அதுவும் மருத்துவமனைக் கதை. அதில் நாகேஷ் பிழைப்பதில்லை. தாயார் மறுப்புச் சொல்லவில்லை. “நீங்கள் பாருங்கள், படம் முடியும்வரை நான் தங்கை வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன்” என்றார்.