அந்த அட்டை பத்திரமாக இருக்கிறதா?

கம்போங் மேடான் அடுக்குமாடியில் எங்கள் கீழ்வீட்டு அக்கா ஒருநாள் இரவு கதவைத் தட்டினார். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு.

"தங்கச்சி, நீ பத்திரிகையில எழுதுறவ. இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. எங்க வீட்டுல யாருக்கும் தெரிய வேணாம்."

11 ஆண்டுகளுக்கு முன்பு மார்பகப் புற்றுநோய்க்காக அவருக்கு ஒரு பக்க மார்பகத்தை அகற்றி, சிலிகோன் பை வைத்து மீண்டும் அமைத்திருந்தார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சையும் நடந்தது. இப்போது அந்தப் பக்கம் கல்போல் இறுகி, மேலே ஏறிவிட்டது. ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. புற்றுநோய் திரும்பிவிட்டது என்று தானே முடிவுசெய்து, ஆறு மாதம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். மகள் கேட்டபோதெல்லாம் தோள்வலி என்றே சொல்லியிருக்கிறார்.

மறுவாரம் கம்போங் டத்தோ ஹருண் நிலையத்தில் கொமியூட்டர் ஏறி, இருவரும் பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணரைப் பார்க்கப் போனோம். அங்கே தெரிந்துகொண்டவற்றை அக்காவின் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

முதலில் ஸ்கேன் எடுத்துப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்தார்கள். உடலுக்குள் எந்த அந்நியப் பொருளை வைத்தாலும் அதைச் சுற்றித் தழும்புத் திசு ஓர் உறைபோல் வளரும். சிலருக்கு அந்த உறை இறுகிப் பையை நெரித்துவிடும். கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம். பை கிழிவதும் உண்டு. உள்ளே இருப்பது ஜெல் என்பதால் கிழிந்தது வெளியே தெரியாமலே போகலாம். அதனால்தான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறுவை முடிந்த 5 முதல் 6 ஆண்டுகளில் ஒரு முறையும், பிறகு 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒரு முறையும் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கச் சொல்கிறது. சிலிகோன் பை ஆயுள் முழுக்க உழைக்கும் பொருள் அல்ல. அக்காவுக்கு இதை அன்றுதான் தெரியும்.

இரண்டாவது அறுவையில் பெரும்பாலும் பழைய தழும்பு வழியாகவே திறப்பார்கள். பையை எடுத்து, இறுகிய உறையை முழுதாகவோ பாதியாகவோ நீக்குவார்கள். அதன் பிறகு மூன்று வழிகள்: புதிய பை வைப்பது, வயிறு அல்லது முதுகிலிருந்து சொந்தத் திசுவை எடுத்து அமைப்பது, எதுவும் வைக்காமல் தைத்துவிடுவது. புதிய பை மீண்டும் இறுகாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. முன்பிருந்த வடிவம் அப்படியே திரும்பும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது.

அறுவைக்கு முன் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை, நாட்டு மருந்து எது சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அறுவைக்குப் பின் நீர் வடிய ஒரு சிறு குழாய் சில நாள் இருக்கலாம். நான்கைந்து வாரமாவது அரிசி மூட்டை, ஈரத்துணி வாளி, பேரப்பிள்ளை எதையும் தூக்கக் கூடாது. வீக்கம் முழுதாக வடிய மாதக்கணக்காகும். காய்ச்சல், சீழ், சிவந்து சூடாவது, ஒரு பக்கம் திடீரென வீங்குவது என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிறகு டாக்டர் கேட்டார்: "எந்த நிறுவனத்தின் பை? அட்டை இருக்கிறதா?" கோப்பில் பில்கள் இருந்தன, அட்டை இல்லை.

அட்டை ஏன் முக்கியம்? பிரான்சின் பிஐபி நிறுவனம் மருத்துவத்துக்கு அனுமதியில்லாத, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான சிலிகோனைப் பைகளில் நிரப்பி விற்றது 2010இல் அம்பலமானது. அதன் நிறுவனருக்கு 2013இல் நான்காண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2019இல் அலர்கன் நிறுவனம், அரிய வகை லிம்போமா புற்றுநோயுடன் தொடர்பு இருந்ததால், பயோசெல் என்ற சொரசொரப்பான பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. அறிகுறி இல்லாதவர்கள் அவசரப்பட்டு எடுக்கத் தேவையில்லை என்றார்கள். ஆனால் நம் உடலில் இருப்பது எது என்று தெரிந்தால்தானே எதையும் முடிவுசெய்ய முடியும்?

பழைய மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தோம். இரண்டு வாரத்தில் பையின் பெயரும் எண்ணும் கிடைத்தன. திரும்பப் பெற்ற வகை அல்ல.

அழகுக்காகப் பை வைத்துக்கொள்ளும் பெண்களுக்கும் இவை அத்தனையும் பொருந்தும். அழகு நிலையங்களை நம்பிப் போகாதீர்கள். மருத்துவரின் பெயர் மலேசிய மருத்துவ மன்றத்தின் நிபுணர் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். 2012ஆம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டத்தின்படி அந்தப் பை பதிவானதா என்றும் கேளுங்கள்.

அக்கா புதிய பை வேண்டாம் என்று முடிவெடுத்தார். "இன்னும் பத்து வருசம் கழிச்சு மறுபடி கத்திக்குக் கீழ படுக்க எனக்குத் தெம்பில்ல தங்கச்சி." அறுவைக்கு முதல் நாள்தான் மகளிடம் சொன்னார். "இதையா ஆறு மாசமா தோள்வலின்னு சொன்னீங்க?" என்று மகள் அழுதாளாம். மறுநாள் கையெழுத்துப் போடும்போது மகள்தான் பக்கத்தில் நின்றாள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு பை இருந்தால், இன்றைக்கே அந்த அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள். கிடைக்கவில்லை என்றால், அறுவை நடந்த மருத்துவமனையில் கேளுங்கள்.