கஷாயம் குடித்தால் வைரஸ் சாகுமா?

மழைக்காலம் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு இருமல் சத்தம்தான். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம் என்பதால் ஆடாதொடை, தூதுவளையைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. ‘ஒரு டம்ளர் கஷாயம் குடி, எல்லாம் சரியாப்போகும்’ என்பார்கள் பாட்டிகள். உண்மையிலேயே சரியாகுமா?

2012-ல் டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீரும், 2020-ல் கொரோனா காலத்தில் கபசுரக் குடிநீரும் தமிழகம் முழுக்க விநியோகிக்கப்பட்டன. முன்னதில் 9 சரக்குகள், பின்னதில் 15. இரண்டிலுமே நிலவேம்பு உண்டு. அதன் கசப்புக்கு முக்கியக் காரணம் ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற வேதிப்பொருள். இன்ஃப்ளூயன்ஸா, கொரோனா போன்ற வைரஸ்கள் பெருகுவதை இது கட்டுப்படுத்துவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

ஆய்வகம் வேறு, உடம்பு வேறு!

ஆய்வகத்தில், வளர்க்கப்பட்ட செல்கள் மீது மூலிகைச் சாற்றை நேரடியாக ஊற்றுகிறார்கள். நாம் குடிப்பதோ வயிறு, குடல், கல்லீரல் எல்லாம் தாண்டித்தான் நுரையீரலுக்குப் போகவேண்டும். ஆண்ட்ரோகிராஃபோலைடு ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. அதற்காக அளவைக் கூட்டினால், வைரஸோடு நம் செல்களும் பாதிக்கப்படலாம். அதனால்தான் மனிதர்களிடம் முறையாகப் பரிசோதிக்காமல் எதையும் ‘வைரஸைக் கொல்லும் மருந்து’ என்று சொல்ல முடியாது.

அதற்காக மூலிகைகள் வீண் என்று அர்த்தமில்லை. ஆடாதொடையில் உள்ள வாசிசினை முன்மாதிரியாக வைத்துத்தான் ப்ரோம்ஹெக்சின் என்ற சளி மருந்து உருவானது. இன்று பல இருமல் சிரப்களில் இருக்கும் அம்ப்ராக்சாலும் அதன் வழிவந்ததே. ஆனால், இவை சளியை இளக்கி வெளியேற்றத்தான் உதவும்.

பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவின் கதை இன்னும் சுவாரஸ்யம். அதிலிருந்து எடுக்கும் ஷிகிமிக் அமிலத்தைப் பல கட்டங்களில் மாற்றித்தான் ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரை தயாரானது. அதற்காக அன்னாசிப்பூவைக் கொதிக்கவைத்துக் குடித்தால் ஃப்ளூ போகாது!

எப்போது காத்திருக்கக் கூடாது?

ஓசெல்டாமிவிர் மாத்திரையை அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். ‘நாலு நாள் கஷாயம் குடித்துப் பார்ப்போம்’ என்று காத்திருந்தால் அந்த நேரம் கைநழுவிவிடும். முதியவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், ஆஸ்துமா, சர்க்கரை நோய் உள்ளவர்கள் விஷயத்தில் இது உயிர்ப் பிரச்னை. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குழப்பமான பேச்சு, குழந்தை பால் குடிக்க மறுப்பது போன்றவை இருந்தால் உடனே மருத்துவமனைதான்.

கர்ப்பிணிகளுக்கு நிலவேம்பு வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்த உறைவு ஆகியவற்றுக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடர்ந்து கஷாயம் குடிக்கக் கூடாது. சீந்தில் சேர்ந்த மருந்துகளைச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக 2021-ல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்து, சீந்தில் போலவே இருக்கும் வேறு கொடியாக இருக்கலாம் என்றது. எது சரியாக இருந்தாலும், பெயர் தெரியாத கொடியைப் பறித்துக் காய்ச்சுவது ஆபத்து என்பது மட்டும் நிச்சயம்.

மலைக்குப் போய்ப் பறிக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகம். அங்கே அனுமதியின்றிச் செடி பறிப்பது குற்றம்.

சாதாரணச் சளிக்குக் கஷாயம் தொண்டைக்கு இதமாக இருக்கும். விருப்பப்பட்டால், அரசு மருத்துவமனை சித்தா பிரிவில் கேட்டு, சொன்ன அளவில், சொன்ன நாள் வரை குடிக்கலாம். மருத்துவரிடம் போனால், ‘என்ன கஷாயம் குடித்தேன்’ என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்!